உறை அந்த வீட்டில், எந்திரம் இந்த வீட்டில்

பம்பாயில் இருக்கிற என் பிள்ளைக்கு,

இவ்விடம் எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். இவ்விடம் எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான்; நான் நலமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் வலி மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது. உலை வைக்கும்போது கை தானாக மூன்று பேருக்கு அரிசி எடுத்துவிடுகிறது. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் சாப்பிட்டுவிடுகிறேன். ஆகையால் தகப்பன் பட்டினி கிடக்கிறான் என்று கவலைப்படாதே. பழையது தின்றே கொழுத்துப்போகிறான் என்று வேண்டுமானால் கவலைப்படு. தறியும் ஓடுகிறது. ஆனால் கோர்வைப் புடவை நெய்வதை விட்டுவிட்டேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கரைப் பக்கத்து நூல் ஓடுகிற நாடாவை வாங்கித் தள்ள பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். உன் அம்மா உட்கார்ந்தாள், பிறகு நீ உட்கார்ந்தாய். இப்போது கரையும் உடலும் ஒரே நிறமாக, ஒற்றை ஆள் நெய்கிற புடவைதான். வியாபாரிகள் அதையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

உன் கடிதம் வந்தது. தை மாதத்தில் கல்யாணம், பெண் வீட்டார் பம்பாயிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மில்லில் உனக்கு லீவு கிடைக்காது, எல்லாம் படித்தேன். எனக்குச் சம்மதம். நானே அரக்கோணம் போய் ரயில் ஏறி வந்துவிடுவேன். கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாய். "தாத்தாவோட கடிகாரத்த ரிப்பேர் பண்ணி எடுத்துக்கினு வாங்க நைனா. தாலி கட்டும்போது பையில இருக்கணும்" என்று. துண்டு எடுத்துவர மறக்காதீர்கள் என்பதுபோல எழுதிவிட்டாய். அந்த இரண்டு வரிக்குத்தான் இவ்வளவு பெரிய பதில். கடிகாரம் வருமா வராதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. சின்ன வயதில் கதை சொன்னால் பாதியிலேயே "அப்பறம் ராஜா செத்துட்டானா?" என்று கேட்பாயே, அந்தப் புத்தி இன்னும் போயிருக்காது. பொறுமையாகப் படி.

உன் தாத்தா சென்னப்பட்டணத்துக்குப் புடவை கொண்டுபோனவர், திரும்பி வரும்போது அந்தக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மூடி போட்ட தங்க உறை, தங்கச் சங்கிலி, உள்ளே வெள்ளை முகம், நீலமாக இரண்டு முட்கள். நம் தெருவில் அதுதான் முதல் கடிகாரம். அதற்கு முன்னால் எங்களுக்கு வெயில்தான் மணி, கோயில் மேளம்தான் மணி. தினமும் குளித்துவிட்டு வந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார். நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். முதலில் உன் பெரியப்பா காதில் வைப்பார், பிறகு என் காதில் வைப்பார். அவர் காதில் கொஞ்ச நேரம் அதிகமாக வைக்கிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு குறை.

தாத்தா இருந்தவரை ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் போன பிறகு ஒரு முகூர்த்தப் புடவையில் அரக்குச் சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிட்டது. வியாபாரி அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது, உன் பெரியப்பா என் பக்கம் கையைக் காட்டி, "சாயத்துக்கு இவன்தான் போனான்" என்று சொல்லிவிட்டார். உண்மைதான், நான்தான் போனேன். ஆனால் வெளி ஆள் முன்னால் சொன்னாரே என்று எனக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்து பங்கு பிரித்துக் கொடு என்றேன். "தாராளமா எடுத்துக்கோ" என்றார். இவ்வளவுதான் கதை. பெண்களால் குடும்பம் பிரிந்தது என்று பிற்பாடு ஊரில் பேசினார்கள், அதை நம்பாதே. உன் அம்மாவும் பெரியம்மாவும் அன்றைக்கு அடுப்படியில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

நம் தெருவில் பங்கு எப்படிப் பிரிப்பார்கள் என்று நீ பார்த்ததில்லை. பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்கி, எடை போட்டுக் கொடுத்தே பிழைக்கிற ஜனம் நாம். மிஞ்சிய துண்டு நூல்கூடத் தராசுக்குப் போய் வந்தால்தான் நமக்கு மனம் ஆறும். அதனால் பாகப்பிரிவினை என்றாலும் தராசுதான். தெருப் பெரியவர்கள் நடுவீட்டில் உட்கார்ந்து தங்கம், வெள்ளி, பித்தளை, இரும்பு என்று தனித்தனியாகக் குவிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு குவியலையும் நிறுத்து இரண்டாக்குவார்கள். கடிகாரத்தின் முறை வந்தபோது ஒருவர் அதை எடுத்துத் தங்கத் தட்டில் வைத்தார். பக்கத்தில் இருந்த பத்தர், நகை எடை பார்க்க வந்தவர், கையை நீட்டித் தடுத்தார். "மேலதாங்க தங்கம். உள்ள இருக்கறது இரும்பு. அப்படியே நிறுத்தா ஒருத்தருக்கு நஷ்டமாப் பூடும்" என்றார். நியாயம்தானே என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பத்தர் ஒரு சின்ன உளியால் நெம்பி எந்திரத்தை வெளியே எடுத்தார். எடுக்கும்போது பெரிய முள் ஒடிந்து எங்கேயோ தெறித்தது. யாரும் தேடவில்லை. உறையும் சங்கிலியும் பெரியப்பாவின் பங்கில் விழுந்தன. அதற்கு ஈடாகத் தாத்தாவின் கடுக்கனும் மோதிரமும் எனக்கு வந்தன. எந்திரம் இரும்புக் குவியலுக்குப் போய், தறியில் கட்டுகிற இரும்புக் குண்டுகளோடும் ஒரு பழைய கதவுக் கொக்கியோடும் சேர்ந்து என் பங்காக வந்து சேர்ந்தது.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு குன்றிமணி கூடக் குறையாமல் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகப்போகிறவன் நீ, அதனால் சொல்கிறேன். வீட்டுக்குள் மனஸ்தாபம் வந்தால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிடாமல் படுங்கள். ஆனால் நியாயம் சொல்ல வெளி ஆளைக் கூப்பிடாதீர்கள். வருகிறவர் நல்லவராக இருந்தால் இன்னும் ஆபத்து. கெட்டவராக இருந்திருந்தால் நானும் உன் பெரியப்பாவும் சேர்ந்து அவரைத் துரத்தியிருப்போம்.

பிறகு வீட்டின் நடுவில் சுவர் எழுந்தது. நீ பிறந்ததிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்தே வளர்ந்ததால் அது வீட்டோடு பிறந்தது என்று நினைத்திருப்பாய். நீ சின்னப் பையனாக இருந்தபோது எனக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் போய்ப் பெரியம்மா கையால் அதிரசம் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாய். எனக்குத் தெரியும். மோப்பம் பிடிக்கத் தெரியாத மூக்கா எனக்கு? சொல்லாமல் இருந்துவிட்டேன். எந்திரத்தைப் பஞ்சில் சுற்றித் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். சாவி கொடுக்கிற திருகு உறையோடு போய்விட்டதால் அதை ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. பெரியப்பாவோ வெற்று உறையைச் சங்கிலியோடு இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு வருவார். சபை நடுவில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, "நேரமாவுது, பொண்ண அழைச்சிக்கினு வாங்க" என்பார். உள்ளே ஒன்றும் இல்லை என்று ஊருக்கே தெரியும். "உங்க அண்ணன் வெறும் டப்பாவுல மணி பாக்கறாரு" என்று உன் அம்மா என் காதில் சொல்ல, நான் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். ஒரு மனிதன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று அப்போது யோசிக்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு ராஜ வீதியில் கடிகாரம் பழுது பார்க்கிற சாயபுவிடம் போனேன். அவர் கண்ணில் கண்ணாடிக் குழலை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். துடைத்தார், எண்ணெய் விட்டார். சக்கரம் எல்லாம் நல்லபடி இருக்கிறது, ஒன்றும் தேயவில்லை என்றார். எனக்குச் சந்தோஷம். பிறகு, "உறை எங்க அண்ணே?" என்று கேட்டார்.

"அது வேற எடத்துல இருக்குது."

"அங்கேர்ந்து வாங்கிக்கினு வாங்களேன்."

"வாங்க முடியாது. வேற உறை போட்டுக் குடுங்க."

அவர் பெட்டியைத் துழாவி ஒரு வெள்ளி உறையை எடுத்து எந்திரத்தோடு வைத்துப் பார்த்தார். மயிரிழை அளவுக்குச் சிறியது. "உக்காராது. எந்திரத்தோட ஓரத்துல சுத்தி அராவணும்" என்று அரத்தை எடுத்தார். எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அராவிட்டா அப்பறம் பழைய உறையில எந்தக் காலத்துலயும் நிக்காது. லொடலொடன்னு ஆடும். நல்லா யோசிச்சிக்கினு சொல்லுங்க." ரிப்பேர் செய்கிற அளவுக்கு இது பெறுமா என்று கேட்டேன். "நெஜத்தச் சொல்லட்டுமா? இத்தப் பாடு பட்டு ஓட்றதுக்கு பேசாம புதுசு வாங்கிடலாம். முழுசா இருந்தா இதுக்கு மதிப்பே வேற. உறை இல்ல, முள்ளு இல்ல. அரகொறைப் பொருளுக்கு யாரும் வெல வைக்க மாட்டாங்க" என்றார். இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் அராவ விடவில்லை என்று உனக்குப் புரியவைக்க முடியுமா, தெரியவில்லை. பங்கு பிரித்தது, சுவர் வைத்தது, பேசாமல் இருந்தது எல்லாம் நடந்து முடிந்த காரியங்கள். ஆனால் அந்த எந்திரத்தின் அளவு அப்படியே இருந்தவரைக்கும், என்றைக்காவது அது அந்த உறையில் போய் உட்காரலாம் என்று ஒரு இடுக்கு திறந்தே இருந்தது. நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை, ஆனால் இருந்தது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. செய்யச் சொல்லிவிட்டு வந்திருந்தால் நீ தாலி கட்டும்போது உன் பையில் வெள்ளி உறையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் இந்த வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால்கூட அதை எடுத்து வைக்கிற சத்தத்தையும் நானேதான் செய்ய வேண்டும். உன் அம்மா இருந்தால் "போய்க் கேளுங்களேன், தலையா போயிடும்" என்பாள். அவள் சொல்லவேண்டியதை நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

அடுத்த வாசல்தான். ஆனால் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அண்ணிதான் பார்த்தார். "இன்னா கொழுந்தனாரே, அங்கயே நின்னுக்கினு இருக்கீங்க? வாசப்படி கடிக்காது, வாங்க" என்றார், நேற்றுத்தான் வந்து போனவனிடம் சொல்வதுபோல. உள்ளே பெரியப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். என்னை நேராகப் பார்த்தபடியே, "யாரு?" என்றார்.

"உங்க தம்பி" என்றார் அண்ணி.

"எந்தத் தம்பி?"

"எத்தினி தம்பி வெச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பிள்ளாய். அவருக்குக் கண் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதுபோல வெள்ளை. பார்வை குறைவு என்று காதில் விழுந்திருந்தது. நம் தெருவில் யாருக்குத்தான் குறையவில்லை என்று விட்டுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்று எவ்வளவோ காலமாயிற்று. மகள்களை ஆரணியில் கட்டிக் கொடுத்துவிட்டு அண்ணன் சுகமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று நான் பொறாமைப்பட்டேன். உன் அம்மா செத்த அன்றைக்கு அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அப்படியே பிடித்துக்கொண்டே போனார். பொண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு என்ன ராஜநடை என்று அந்தத் துக்கத்திலும் நினைத்தேன். ஒரே சுவர். நான் இருமினால் அவருக்குக் கேட்கும். அவர் குருடாகிப் போனது எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று எல்லோரையும் வாயடைத்து வைத்திருந்தேனே, யார் வந்து சொல்வார்கள்?

"ஒக்காருடா" என்றார். உன் தாத்தா போய்விட்டார், மாமன்மார் போய்விட்டார்கள். என்னை டா போட்டுக் கூப்பிட இந்த ஊரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். உன் கல்யாணத்தைச் சொன்னேன். "பொண்ணு நம்ம பேச்சு பேசுமா, இந்துஸ்தானி பேசுமா?" என்று அண்ணி கேட்டார். இரண்டும் பேசும் என்றேன். பிறகு, "அந்த உறையப் புள்ள கேக்கறான்" என்று போட்டு உடைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார்.

வாங்கினேன். கையில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஜரிகையை நிறுத்துப் பார்த்த கை. தங்கத்தின் கனம் அதற்குத் தெரியாதா? அது தங்கம் இல்லை. அண்ணி மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பெரியப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "சின்னவ கல்யாணத்துக்கு அழிச்சிட்டேன். இது பித்தள. மேல முலாம். உனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் எடுத்துக்கினு திரிஞ்சேன்" என்றார். கை சும்மா இருக்க முடியாமல், கொண்டுபோயிருந்த டப்பாவைத் திறந்து எந்திரத்தை எடுத்து அந்தப் பித்தளை உறைக்குள் வைத்தேன். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பழைய திருகையே அதில் பொருத்தியிருந்தார்கள். திருகினேன். பிடித்தது. ஓட ஆரம்பித்துவிட்டது.

"உள்ள வெக்க ஒன்னுமில்லாத உறைக்கு உள்ளளவு எதுக்கு அண்ணே? தெறந்து பாக்க ஒரு மூடி இருந்தாப் போதாதா?" என்று கேட்டேன்.

"பத்தரு அளவு கேட்டாரு. பழைய அளவேன்னேன். வேற எந்த அளவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் போதும். நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். அவருக்குக் கண் தெரியாது என்ற தைரியத்தில் சத்தம் வராமல் அழுதேன். அவர் கையை நீட்டிக் கடிகாரத்தைக் கேட்டார். காதில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் காதை விட்டு எடுக்கவில்லை. அந்த உறைக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பிறகு அவர் கட்டைவிரலால் கடிகாரத்தின் முகத்தைத் தடவி, ஒற்றைச் சின்ன முள்ளைக் கண்டுபிடித்து, "மூணு தாண்டிடிச்சா?" என்றார். மணி சரி வைக்காத முள்தான், ஆனால் மூன்றைத் தாண்டியிருந்தது. "பரவால்லியே" என்று சிரித்தார். உடனே மூடியை மூடி என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்கினு போ. முள்ளு போட்டு, கண்ணாடி போட்டு புள்ளைக்குக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லு." வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சாயபு அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பித்தளையானால் என்ன, உறை என்றால் இதுதான் உறை, அரம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார். வேறு கடிகாரத்தின் பெரிய முள் ஒன்றைத் தேடிப் போட்டார். இது கறுப்பு, அது நீலம். ஒட்டாத ஜோடிதான், ஆனால் ஓடுகிறது. "இனிமே இது பெறும் அண்ணே. நல்ல கண்ணாடியாப் போட்டுத் தர்றேன். தூசி படாம வெச்சிக்கினா உங்க புள்ளைக்கும் ஆவும், பேரனுக்கும் ஆவும்" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் தீர்மானம் செய்ய வேண்டியிருந்தது. பெறுமா பெறாதா என்று அவர் சொல்லிவிட்டார். யாருக்கு என்று நான் சொல்ல வேண்டும். உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். நீ கேட்டு நான் மறுத்தது உன் வாழ்நாளில் அதிகம் இல்லை. எங்கேயோ இருக்கிற பிள்ளை, இனிமேல் கேட்பானோ மாட்டானோ. அப்படியும் யோசித்தேன். கடைசியில், "கண்ணாடி வேணாம்" என்றேன்.

"இன்னாது?"

"கண்ணாடி போடாதீங்க. வெரலால தடவிப் பாக்கற மாதிரி இருக்கட்டும்."

சாயபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. கை வேர்வை பட்டு முகம் கறுத்துவிடும், தூசி இறங்கிச் சக்கரம் நின்றுவிடும், முள் வளைந்துவிடும், இவ்வளவு பாடுபட்டது கெடுப்பதற்கா என்று கத்தினார். கெடும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே மூடியை மூடிக் கொடுத்தார். நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய் அவர் கையில் வைத்தேன். புள்ளைக்கு எங்கே என்று கேட்டார். புள்ளை பம்பாயில் புதுசு வாங்கிக்கொள்வான் என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால், மகனே, உன் தாத்தாவின் கடிகாரம் உனக்கு வராது. கொஞ்ச காலம் கழித்து யாருக்கும் வராது. அவர் விரலிலேயே தேய்ந்துவிடும். கோபம் வந்தால் கோபப்படு, எனக்கு எழுதித் திட்டு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அந்தப் பழக்கம் நம் குடும்பத்துக்கு நன்றாகவே வரும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேராக வருவோம். ரயிலில் எத்தனை வேளைக்குப் புளிச்சோறு கட்டுவது என்று உன் பெரியம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே சபையில் பெரியப்பா மூடியைத் திறந்து நேரமாகிறது என்று சொன்னால் பெண் வீட்டாரைச் சிரிக்க விடாதே. கல்யாணம் முடிந்து நாங்கள் திரும்பும்போது, ஊருக்கு எப்போது வருவாய் என்று நான் கேட்கமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அங்கேதான் வீடு, உனக்கு அங்கேதான் வேலை. கேட்காமல் இருப்பேனே தவிர, நினைக்காமல் இருப்பேன் என்று நினைத்துவிடாதே. நீ உட்கார்ந்த பலகை தறிக்குப் பக்கத்தில் அப்படியேதான் கிடக்கிறது. நாள்தோறும் அதைத் தாண்டித்தான் உட்காருகிறேன்.

இன்னொன்று. கடிகாரத்தைக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு கூச்சல். என்னவோ ஏதோ என்று தறியை விட்டு ஓடினேன். "மணி இன்னாடா ஆவுது?" என்றார். கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது. அண்ணிக்கு மணி பார்க்கத் தெரியாது; அவருக்கும் ஒரு முள் என்றால் சரி, இரண்டு முள்ளைத் தடவிப் பார்க்க விரலுக்கு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பார்த்துச் சொன்னேன். அதிலிருந்து ஒரு நாளைக்குப் பலமுறை கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் எழுந்து போகிறேன். நேற்று இழை அறுந்த எரிச்சலில் போய், சரியாகப் பார்க்காமல் "அஞ்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் கட்டைவிரல் முள்ளின்மேல்தான் இருந்தது. "நாலரைதான்டா ஆவுது. ஒழுங்காப் பாத்துச் சொல்லு" என்றார். குனிந்து பார்த்தேன். நாலரைதான். "ஆமா அண்ணே, நாலரை" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு மூடியை மூடிக்கொண்டார்.

பெண்ணின் பட்டுப்புடவை பற்றி எழுத வேண்டும் என்று இந்த ஓரத்தை விட்டு வைத்திருந்தேன். அதற்குள் கூப்பிடுகிறார். அவருக்கு மணி தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் நைனா